சீரம் இல்லாம குருத்தெலும்பு செல் ஒட்ட மாட்டேங்குது

அம்மாபேட்டைக்காரி:
சேலத்துல முதுகலை ப்ராஜெக்ட். கறிக்கடையில ஆட்டு முட்டியை உடைக்காம வாங்கி, வழவழன்னு இருக்குற வெள்ளைக் குருத்தை பிளேடால சீவி, கொலாஜினேஸ்ல (குருத்தைக் கரைச்சு செல்லை விடுவிக்கிற என்சைம்) ராத்திரி முழுக்க ஊறப்போடுறேன். செல் தாராளமா கிடைக்குது. வளர்ப்புத் திரவத்துல கருக்கன்று சீரம் (பிறக்காத கன்னுக்குட்டி ரத்தத்துல இருந்து எடுக்குற தெளிநீர்) 10% போட்டா தட்டுல ஒட்டுது, ஆனா போகப்போக உருண்டை செல் நாரு மாதிரி நீண்டுடுது. சீரத்தை விட்டா மிதக்குது. விலையும் கட்டுப்படியாகல. என்ன செய்ய?

ஏற்காட்டு அண்ணன்:
தங்கச்சி, நீளுறதுக்கு சீரம் மட்டும் காரணமில்ல. தட்டையா படர்ந்தாலே குருத்துக்கே உரிய 2ஆம் வகை கொலாஜன் புரதம் குறைஞ்சு, நார்த் திசுவுல இருக்குற 1ஆம் வகை ஏறும். ஒட்டுறதுக்குத் தட்டுல ஃபைப்ரோனெக்டின்ங்கிற ஒட்டுப் புரதம் பூசுங்க, பெருக்க எஃப்ஜிஎஃப்-2ங்கிற வளர்ச்சிக் காரணி. அப்புறம் 2 முதல் 5 லட்சம் செல்லை குழாயில சுழற்றி உருண்டையாக்குங்க. அந்த உருண்டையை வளர்க்குற திரவத்துல சீரத்துக்குப் பதிலா இன்சுலின்-டிரான்ஸ்ஃபெரின்-செலினியம் கலவை, 100 நானோமோலார் டெக்சாமெத்தசோன் (ஸ்டீராய்டு), மில்லிக்கு 10 நானோகிராம் டிஜிஎஃப்-பீட்டா 3 (குருத்தாக மாறத் தூண்டுற வளர்ச்சிக் காரணி), வைட்டமின் சி. வைட்டமின் சி-யை பாஸ்பேட் வடிவத்துல வாங்குங்க. சாதாரணது இன்குபேட்டர் சூட்டுல சீக்கிரம் வீணாகும்.

சூரமங்கலம்:
தட்டுல ஒட்டின செல்லை டிரிப்சின் என்சைம் போட்டுப் பிரிச்சதும், அதை நிறுத்த சோயா டிரிப்சின் தடுப்பான் போடுறீங்களா? வழக்கமா டிரிப்சினை அடக்குறதே சீரம்தான். அது இல்லேன்னா டிரிப்சின் செல்லைக் கடிச்சுக்கிட்டே இருக்கும்.

அம்மாபேட்டைக்காரி:
இதை எங்க லேப்ல யாரும் சொல்லல! டிஜிஎஃப் விலையைப் பார்த்தா தலை சுத்துது அண்ணா.

ஏற்காட்டு அண்ணன்:
சுத்தத்தான் செய்யும். டிஜிஎஃப்-ஐ சின்னச் சின்னதா பிரிச்சு மைனஸ் 80 டிகிரியில வைங்க, ஒருதரம் உருக்கினதை மறுபடி உறைய வைக்காதீங்க. உருண்டையை வெட்டி சாஃப்ரனின்-ஓ சாயம் (குருத்துப் பொருளைச் சிவப்பாக்கும்) போட்டு, இங்க படம் போடுங்க, சிவப்பு பிடிச்சிருக்கான்னு பார்ப்போம்.