நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் முதல் பட்டதாரி சலுகை உண்டா?

கேள்வி: முக்கூடல் வாசகி
பீடி சுற்றும் வருமானத்தில்தான் என் மகளை அரசு உதவி பெறும் பள்ளியில், தமிழ்வழியில், பன்னிரண்டாம் வகுப்புவரை படிக்க வைத்தேன். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் கல்லூரிப் படியை மிதித்ததில்லை. தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றின் சார்பில் வீட்டுக்கு வந்தவர், கலந்தாய்வுக்குக் காத்திருக்க வேண்டாம் என்றும், இப்போதே முன்பணம் கட்டி இடத்தைப் பிடித்துக்கொண்டால் முதல் பட்டதாரி சலுகையை (குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்பில் சேர்பவருக்கு அரசு தரும் கட்டணக் கழிவை) கல்லூரியே வாங்கித் தரும் என்றும் சொல்லி, மகளின் அசல் மதிப்பெண் சான்றிதழையும் கேட்கிறார். இது நடக்கக்கூடிய காரியமா? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: பாளையங்கோட்டை ஆசிரியர்
அம்மா, முன்பணமும் கொடுக்காதீர்கள், அசல் சான்றிதழையும் கொடுக்காதீர்கள். 2010-11ஆம் கல்வியாண்டில் தொடங்கிய இந்தச் சலுகை, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாக அரசு ஒதுக்கீட்டு இடத்தில் சேர்பவர்களுக்கு மட்டுமே உரியது. அவர் சொல்வது கல்லூரியே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டு இடம்; அதில் சேர்ந்த பிறகு எந்தக் கல்லூரியாலும் அதை வாங்கித் தர இயலாது. சிறுபான்மை அல்லாத சுயநிதிக் கல்லூரிகள் 65 விழுக்காடு இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 விழுக்காடு இடங்களையும் கலந்தாய்வுக்கு ஒப்படைக்கின்றன. ஆகவே, அந்தக் கல்லூரியேதான் வேண்டும் என்றாலும் கலந்தாய்வில் அதைத் தேர்ந்தெடுக்கலாம். 2017இல் கட்டண நிர்ணயக் குழு வகுத்தபடி அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக் கட்டணம் ரூ.50,000, தரச்சான்று பெற்ற பாடப்பிரிவுக்கு ரூ.55,000 என்று இருந்தது. நிர்வாக ஒதுக்கீட்டுக்கோ ரூ.85,000, தரச்சான்று பெற்ற பாடப்பிரிவுக்கு ரூ.87,000. அரசு ஒதுக்கீட்டுக் கட்டணத்தில் இந்தச் சலுகையால் ரூ.25,000 வரை கழியும். பேருந்து, விடுதிச் செலவு இதில் அடங்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பதில் 2: அம்பாசமுத்திரம் இ-சேவை ஊழியர்
அக்கா, ஆசிரியர் ஐயா சொன்னது முற்றிலும் சரி. முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இன்றே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் விசாரணைக்குப் பிறகு மண்டலத் துணை வட்டாட்சியர் அதை வழங்குவார். இதற்கு வருமான வரம்பு கிடையாது. குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே கிடைக்கும். பல விண்ணப்பங்கள் பெயர்க் குழப்பத்தால் திரும்பி வருகின்றன: ஆதாரில் ‘எஸ்’ என்றும் பள்ளிச் சான்றிதழில் ‘சு’ என்றும் முன்னெழுத்து இருந்தால், முதலில் அதைச் சரிசெய்துவிடுங்கள்.

உங்கள் மகள் தமிழ்வழியில் படித்தவர் என்பதால், ஆறாம் வகுப்பிலிருந்தே அப்படிப் படித்திருந்தால், கல்லூரி மாணவிகளுக்கான தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 தனியாகக் கிடைக்கும். 2024-25 முதல் உதவி பெறும் பள்ளி மாணவிகளுக்கும் அது உண்டு. பொறியியல் போன்ற தொழிற்கல்விச் சேர்க்கையில் தரப்படும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு மட்டும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கே உரியது. உங்கள் பீடித் தொழிலாளர் அடையாள அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான மத்திய அரசின் கல்வி உதவித்தொகைக்கு அது தேவைப்படும்.

பதில் 3: வள்ளியூர் தந்தை
ஆசிரியர் அண்ணாச்சி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். என் மகன் கலந்தாய்வில்தான் சேர்ந்தான். ஆயினும் கல்லூரியில் முழுக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு, அரசுப் பணம் வந்த பிறகு திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். நாளை வா, அடுத்த வாரம் வா என்று அலைக்கழித்தார்கள். இரண்டாம் ஆண்டில் ஒதுக்கீட்டு ஆணையின் நகலைக் காட்டி, சலுகைத் தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் கட்டுவேன் என்று எழுத்து மூலம் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். எந்தத் தொகைக்கும் ரசீது வாங்காமல் கல்லூரி அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.