மூட்போர்டுக்குத் தமிழ்: ‘நாற்றங்கால்’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

ஒரு தளத்தையோ பொருளையோ வடிவமைக்கும் முன், அது எப்படித் தோன்ற வேண்டும் என்று காட்டப் படங்களையும் நிறங்களையும் சேர்த்து ஒட்டிவைக்கும் பலகைதான் மூட்போர்டு. அதற்கு இதுவரை இங்கே வந்த தமிழ்ச் சொற்கள் மனநிலைப் பலகை, உணர்வுப் பலகை, அகத்தூண்டல் பலகை. மூன்றையும் ஒரு வாரம் வேலையில் புழங்கிப் பார்த்தேன். மூன்றுமே வாயில் ஒட்டவில்லை. மனநிலை என்றதும் கேட்பவர் நினைப்பு மருத்துவரிடம் போய்விடுகிறது.

இப்போது கும்பகோணத்தில் ஒரு பித்தளைப் பாத்திரக் கடைக்கு இணையதளம் செய்துகொண்டிருக்கிறேன். திரையை வரையும் முன் வழக்கம்போல் பலகை ஒன்று போட்டேன். நாச்சியார்கோயில் குத்துவிளக்கின் உச்சியில் நிற்கும் அன்னத்தைக் கிட்டப்போய் எடுத்த படம். திருபுவனம் பட்டுச்சேலையில் கரையும் உடலும் சேரும் இடம். புளி போட்டுத் தேய்த்த செம்பின் நிறம், தேய்க்காத செம்பின் நிறம், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். அம்மாவின் கோல நோட்டிலிருந்து ஓர் ஊடுபுள்ளிக் கோலம். இரண்டு புள்ளிக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி விழுகிறது அல்லவா, அதைப் பார்த்துத்தான் விளக்குப் படங்களை அப்படித் தள்ளித் தள்ளி அடுக்கலாம் என்று தோன்றியது. படங்களைச் சேர்த்துவைக்கும் பின்டரெஸ்ட் தளத்தில் எடுத்தவை இரண்டே இரண்டு.

கடைக்காரரிடம் காட்டினேன். “இதுதான் வெப்சைட்டா? ஒண்ணுக்கொண்ணு ஒட்டலையே” என்றார். மூட்போர்டு என்று விளக்கியும் அவருக்குப் பிடிபடவில்லை. வலங்கைமான் பக்கம் அவருக்கு நிலம் உண்டு. “இது நாத்தங்கால்ங்க, நடவு இனிமேத்தான்” என்றேன். உடனே கேட்டார்: “சரி, எத்தனை நாள் நாத்து?”

அந்தக் கேள்வியில் சொல் எனக்குப் பிடித்துப்போனது. ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கும் என்று நம்பி நாற்றுவிட்டு, தண்ணீர் கடைமடைக்கு வரத் தாமதமானால் என்ன ஆகும் என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். முற்றிய நாற்று நட்டபின் சரியாகத் தூர் கட்டாது, அதாவது பக்கக் கிளைகள் அதிகம் விடாது. பலகையும் அப்படித்தான். மாதக்கணக்கில் படம் சேர்த்துக்கொண்டே போனால், கடைசியில் வரையக் கை ஓடாது. சின்னப் பலகையிலிருந்து பெரிய தளம் வருவதால் அளவும் பொருந்துகிறது: ஒரு ஏக்கர் நடவுக்கு 8 சென்ட் நாற்றங்கால் போதும்.

இன்னொன்று. ஒரு வேலைக்கென்று போடும் பலகை வேறு, அம்மாவின் கோல நோட்டைப் போல ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைப்பது வேறு. பின்னதற்கு ‘விதைநெல்’ என்று வைக்கலாமா? கருத்துச் சொல்லுங்கள்.

மறுமொழி 1

// ஒரு ஏக்கர் நடவுக்கு 8 சென்ட் நாற்றங்கால் போதும் //

தம்பி, உவமை அழகாக இருக்கிறது. ஆனால் கலைச்சொல்லுக்கு உவமை மட்டும் போதாது. நாற்றங்காலில் ஒரே ரக விதையைத் தெளிக்கிறோம். உங்கள் பலகையிலோ விளக்கு, சேலை, கோலம் என்று பல இடத்துப் பொருள்கள். நடவையே பார்த்திராத பிள்ளைக்கு இந்தச் சொல்லைத் தனியாக விளக்கவும் வேண்டும். மவுசை எலி என்று மொழிபெயர்க்காமல் சுட்டி என்றோம். அது செய்யும் வேலையைச் சொன்னதால் அந்தச் சொல் நின்றது.

‘மூட்’ என்பதை மனநிலை என்று எடுத்ததுதான் முதல் பிழை. இங்கே அதன் பொருள் சாயல். ‘அப்பா சாயல்’ என்று வீட்டிலேயே பேசுகிறோம். தளம் எந்தச் சாயலில் வரப்போகிறது என்று காட்டும் பலகைக்குச் ‘சாயல் பலகை’ என்று வையுங்கள். விதைநெல்லும் வேண்டாம், ‘மாதிரியேடு’ போதும். கோல நோட்டும் ஒரு மாதிரியேடுதானே.

மறுமொழி 2

// ஒரே ரக விதையைத் தெளிக்கிறோம் //

ஐயா, இந்த இடத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ‘நாற்றங்காலில் சேர்’, ‘சாயல் பலகையில் சேர்’ என்று இரண்டு பொத்தான்களை வரைந்து வீட்டில் தங்கையிடம் காட்டினேன். இரண்டாவதை யோசிக்காமல் அழுத்தினாள். முதலாவதைப் பார்த்து, “இதை அமுக்கினா என்ன ஆகும்ணே?” என்றாள். எனவே பலகைக்குச் சாயல் பலகை, சேமிப்புக்கு மாதிரியேடு. இரண்டையும் நம் சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம்.

ஆனால் நாற்றங்காலை முழுதாக விட எனக்கு மனமில்லை. கடைக்காரர் கேட்டது நாள் கணக்கை. தேடத் தொடங்கியதிலிருந்து முதல் கோடு வரையும் வரை உள்ள அந்தக் கட்டத்துக்கு நம்மிடம் இன்னும் பெயர் இல்லை. அதற்கு இந்தச் சொல்லை வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. வேலை அட்டவணையின் முதல் வரியில் ‘நாற்றங்கால்: 10 நாள்’ என்று எழுதி அவருக்கு அனுப்பினேன். “பத்து நாள் நாத்து சிறுசுங்க, கூட ரெண்டு நாள் விடுங்க” என்று பதில் வந்தது. 12 என்று மாற்றியிருக்கிறேன்.