வாத்துக்கறியில் கவுச்சி: உங்கள் வீட்டில் எப்படி?

தேவிபட்டினத்தான்:
அறுவடை முடிந்ததும் ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்ப் பாசன வயல்களில் வாத்துக்காரர்கள் வந்து மேய்ப்பது இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். போன தை மாதம் அவர்களிடம் ஒரு ஜோடி வாங்கினோம். அம்மா மிளகும் குண்டு மிளகாயும் அரைத்து வைத்த குழம்பு, மறுநாள் காலை இட்லிக்குக்கூட மிச்சமில்லை. ஆடியில் கடற்கரையோரம் ஒரு வீட்டில் வளர்த்த வாத்து கிடைத்தது. பக்கத்திலேயே மீன் காயப்போடுகிற இடம். அதே அம்மா, அதே மசாலா, அதே சட்டி. மூடியைத் திறந்ததும் வீடு முழுக்கக் கருவாட்டு வாடை. விருந்துக்கு வந்திருந்த சின்ன மாமா சோற்றைப் பிசைந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு, "அக்கா, ரசம் இருக்கா?" என்றார். அந்தக் கேள்விக்கு அம்மாவின் முகம் போன விதம் இன்னும் எனக்குள் உறுத்துகிறது. அம்மாவின் கைப்பக்குவத்தில் குறை இல்லை என்று எனக்கு உறுதியாகத் தெரியும். பிறகு எதனால் இப்படி? உங்களுக்கும் நடந்திருந்தால் எழுதுங்கள்.

கீழக்கரைப் பிள்ளை:
வால் பக்கத்துக் கொழுப்புக்கட்டியை எடுத்தார்களா? எங்கள் வீட்டில் வாத்து அறுத்தால் உம்மா முதலில் கத்தி வைப்பது அங்கேதான். வால் முளைக்கிற இடத்துக்கு மேலே, முதுகுப் பக்கம், மஞ்சளாக இரண்டு பருப்பு மாதிரி இருக்கும். வாத்து அலகால் அதிலிருந்து எண்ணெய் எடுத்துத்தான் இறகில் பூசிக்கொள்ளும், அதனால்தான் தண்ணீர் ஒட்டுவதில்லை. ஒரு பெருநாளைக்கு லாத்தா (என் அக்கா) அவசரத்தில் அதை விட்டுவிட்டு வெட்டப் போனார். உம்மா கையைப் பிடித்து நிறுத்தி, அந்தக் கட்டியை நசுக்கி, விரலை எங்கள் எல்லோர் மூக்கிலும் காட்டினார். அந்த வீச்சத்தை ஒரு தடவை மோந்தவர்கள் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள். அது போய்விட்டால் தேங்காய்ப்பால் விட்ட வாத்துக்கறிக்கும் இடியாப்பத்துக்கும் ஈடே கிடையாது.

திருவாடானை விவசாயி:
கீழக்கரைத் தம்பி சொன்னது சரிதான், ஆனால் தேவிபட்டினத்துக்காரர் கேட்டதற்கு அது பதில் இல்லை. அந்த அம்மா இரண்டு தடவையும் ஒரே மாதிரிதானே சுத்தம் செய்திருப்பார்? தையில் வராத வாடை ஆடியில் எப்படி வந்தது? தீனிதான் காரணம். வாத்து தின்றது அதன் கொழுப்பில் தங்கும். வயலில் சிந்திய நெல்லையும் நத்தையையும் தின்றதன் கறி ஒரு ருசி, மீன் கழிவைத் தின்றதன் கறி வேறு ருசி.

எங்கள் வயலில் கிடை போட்டிருந்த வாத்துக்காரர் ஒரு நாள் சாப்பிடக் கூப்பிட்டார். கருவேல விறகில் ஈயச்சட்டி. சின்ன வெங்காயம், வரமிளகாய், கல் உப்பு, அவ்வளவுதான். எண்ணெயே ஊற்றவில்லை. தோலோடு போட்ட கறியிலிருந்து கொழுப்பு உருகி, வெங்காயம் அதிலேயே பொன்னிறமானது. அந்த வாசனை இன்னும் மூக்கிலேயே நிற்கிறது. அவரே ஒன்று சொன்னார்: முட்டைக்காக வளர்க்கிற கூட்டம் இது, முட்டை ஓய்ந்த கிழட்டு வாத்தைத்தான் கறிக்குத் தள்ளுவோம், இளசு கேட்டு வாங்குங்கள் என்று.

பாம்பன் சமையல்காரி:
எங்கள் வீட்டுக் கதை சின்னது. மகள் முதல் தடவை வாத்து சாப்பிட உட்கார்ந்தாள், நெஞ்சுக்கறியைப் பிய்த்துப் பார்த்து "அம்மா, வேகவே இல்லை, ரத்தம்" என்று தட்டைத் தள்ளிவிட்டாள். கோழிக்குத்தான் நெஞ்சு வெள்ளை. வாத்துக்கு நெஞ்சும் கால் மாதிரியே சிவப்பு, வெந்தாலும் கருத்துத்தான் இருக்கும். இதை முன்பே சொல்லியிருந்தால் பிள்ளை பயந்திருக்க மாட்டாள்.

சரி, யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன், ஏனென்றால் நிறைய வீடுகளில் வாத்தைக் கோழி மாதிரி வைத்துக் கெடுக்கிறார்கள். கொதிக்கக் கொதிக்க இருக்கும் தண்ணீரில் முக்காதீர்கள், தோல் வெந்து இறகோடு கிழிந்து வரும். கை பொறுக்காத சூடு போதும், ஆனால் இறகுக்குள் தண்ணீர் இறங்கவே இறங்காது, முக்கிவைத்துக் கையால் எதிர்த்திசையில் அலசிவிட வேண்டும். பிறகு மிச்சமிருக்கும் முள் இறகை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வைக்கோல் தீயில் வாட்டி, மஞ்சள் தேய்த்துக் கழுவுங்கள். தோலை உரித்து எறியாதீர்கள், ருசியே அதில்தான். கொழுப்பு அதிகமாகத் தெரிந்தால் கறியைக் காய்ந்த சட்டியில் தோல் கீழே இருக்கும்படி போட்டுச் சிறு தீயில் உருக்கி, வேண்டியது போக மீதியை வடித்து வையுங்கள். அந்த நெய்யில் முட்டை பொரித்தால் தனி மணம். இஞ்சி, பூண்டு, மிளகு, சோம்பு தூக்கலாக இருக்கட்டும், தக்காளி குறைவாகப் போதும். குட்டநாட்டில் தேங்காய் எண்ணெயில் மிளகும் வினிகரும் சேர்த்து வறுப்பார்கள். அந்தப் புளிப்பு கொழுப்பை நன்றாக வெட்டும். நம் ஊரில் புளித்தண்ணீரோ எலுமிச்சையோ அதே வேலையைச் செய்யும். கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்கிற வீட்டுக்காரர்கள் உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள். குக்கரில் விசில் எண்ணுவதை நம்பாதீர்கள், கிழட்டு வாத்துக்கும் இளசுக்கும் நேரம் ஒன்றாகாது. கறி எலும்பை விட்டு நழுவுகிறதா என்று குத்திப் பாருங்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலை:
இங்கே ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். "நாட்டு வாத்து என்ன ருசி, சிறகி ருசி வருமா" என்று காட்டு வாத்தைப் பற்றி ஊரில் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மார்கழியில் சாலையோரம் ஒருவர் என் வண்டியை நிறுத்திச் சாக்கைத் திறந்து காட்டினார். உள்ளே கால் கட்டிய பறவைகள். ஒன்றின் அலகு நுனியில் மஞ்சள், புள்ளிமூக்கு வாத்து. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. வேண்டாம் என்று கத்திவிட்டு வந்துவிட்டேன், ஆனால் வனத்துறைக்குச் சொல்லும் வரை மனசு ஆறவில்லை. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்கள் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் இருக்கிற மாவட்டம் நம் ராமநாதபுரம். ருசி பற்றிப் பேசுகிறவர்கள் வளர்ப்பு வாத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சாயல்குடி அண்ணன்:
திருவாடானைக்காரர் தீனி என்கிறார், கீழக்கரைத் தம்பி கட்டி என்கிறார். இரண்டும் வேண்டும் என்பதுதான் நான் பார்த்தது. ஆனால் மணிலா வாத்தை யாரும் சொல்லவில்லையே? முகத்தில் சிவப்புச் சதை இருக்குமே, அது. அதில் கொழுப்பு குறைவு, பாம்பன் அக்கா சொன்னபடி எண்ணெய் இல்லாமல் போட்டால் அடி பிடித்துவிடும்.

திருவாடானை விவசாயி:
மணிலா வேறு இனம், அதை இதில் கலக்காதீர்கள். அதன் முட்டை பொரியவே 35 நாள், நம் வாத்துக்கு 28.

சாயல்குடி அண்ணன்:
இனம் வேறு என்றாலும் சட்டியில் வேகிறது கறிதானே. தேவிபட்டினத்துக்காரருக்கு ஒரு வழி சொல்கிறேன். எங்கள் அப்பத்தா கடலோரத்தில் வாங்கிய எந்த வாத்தையும் அன்றைக்கே அறுக்க விடாது. கூடைக்குள் அடைத்து, ஒரு வாரத்துக்கு மேல் குருணையும் தவிடும் மட்டும் போட்டு, நல்ல தண்ணீர் வைக்கும். கேட்டுக்கொண்டே இருக்கிற பேரப்பிள்ளைகளை விரட்டிவிடும். கவுச்சி அடித்து ஒரு நாளும் நாங்கள் சாப்பிட்டதில்லை.

தேவிபட்டினத்தான்:
அம்மாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். "அப்ப என் மேல தப்பில்லைதானே" என்று கேட்டார். அடுத்த வாத்தை அடைத்துப் போட்டுக் குருணை கொடுக்கப் போகிறோம். சின்ன மாமாவை மறுபடி கூப்பிட வேண்டும் என்கிறார்.