செப்டம்பர் நீலக்கல்: சூடேற்றியதா, செயற்கையா? உதவி தேவை

வணக்கம். 1912இல் அமெரிக்க நகை வணிகர் சங்கம் வெளியிட்ட பிறப்புக்கல் பட்டியலில் செப்டம்பருக்கு நீலக்கல் வந்தது. அதே சமயம் வெர்னுயி உலையில் (பொடியைச் சுடரில் உருக்கிக் கல்லாக வளர்க்கும் உலை) செய்த செயற்கைக் கற்களும் சந்தையில் இருந்ததால், பழைய நகை என்பது மட்டும் இயற்கைக்கல்லுக்குச் சான்றாகாது.

அப்படி ஒரு பழைய மோதிரக்கல்தான் இது. ஒளிவிலகல் எண் 1.762–1.770. கொரண்டம் (நீலக்கல்லின் கனிமம்) என்பது உறுதி, ஆனால் செயற்கைக்கும் இதே எண்தான். பத்து மடங்கு லென்ஸில் ரூட்டைல் ஊசிகள் (இயற்கைக்கல்லுக்குள் இருக்கும் நுண்ணிய கனிம இழைகள்) தெரியவில்லை. இயற்கைக்கல்லை அதிக வெப்பத்தில் சூடேற்றினால் அவை கரைந்துவிடும், செயற்கையிலோ பொதுவாக இருப்பதில்லை. குற்றலை புறஊதாவில் சுண்ணாம்பு போன்ற மங்கிய ஒளிர்வு. இதுவும் சூடேற்றிய இயற்கைக்கல், செயற்கைக்கல் இரண்டுக்கும் பொருந்துவதுதான் சிக்கல்.

அடுத்து மெத்திலீன் அயோடைடு என்ற, ஒளிவிலகல் எண் அதிகமான திரவத்தில் மூழ்கவைத்து, கீழே வெள்ளை ஒளி பரப்பி, நிறப்பட்டைகளைப் பார்க்க வேண்டும். வளைந்திருந்தால் வெர்னுயி, கோணமாக மடங்கினால் இயற்கை வளர்ச்சி. ஆனால் கல்லின் அடிப்புறம் மூடிய பிடிக்குள் இருப்பதால் ஒளி ஊடுருவவில்லை.

கல்லைக் கழற்றாமல் இந்தப் பட்டைகளைப் பார்க்க வழி உண்டா? பக்கவாட்டு ஒளியிழை விளக்கு போதுமா? கழற்றியே ஆகவேண்டும் என்றால், தேய்ந்த பிடிகளை உடையாமல் திறப்பது எப்படி? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.