பின்டெரெஸ்டிலிருந்து உங்கள் தளத்துக்கு உண்மையிலேயே ஆள் வருகிறதா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

குரோஷே பேட்டர்ன்களை பிடிஎஃப் கோப்பாக விற்கிறேன். மற்ற சமூக ஊடகங்களில் போடும் படம் ரெண்டொரு நாளில் அடியில் போய்விடும். படங்களைத் தேடிச் சேமித்து வைக்கும் தளமான பின்டெரெஸ்டில் நேர் எதிர். ஒரு தொப்பியின் "பின்" (என் தளத்துக்கான இணைப்போடு அங்கே போடும் படம்) போட்ட புதிதில் சீந்துவாரில்லாமல் கிடந்தது. அடுத்த குளிர்காலம் வந்ததும் என் தளத்துக்கு அதிகம் பேரை அனுப்பியதே அதுதான். அங்கே வருகிறவர்கள் யார் என்ன பதிவு போட்டார்கள் என்று பார்க்க வருவதில்லை. எதையோ செய்ய நினைத்துத் தேடிக்கொண்டு வருகிறார்கள். கடைப் பெயரைப் போட்டுத் தேடுகிறவர்களும் குறைவு. பெயரில்லாத சின்னக் கடைகளுக்கு இது லாபம்.

பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. பிசினஸ் கணக்கு (இலவசம்தான்), தளத்தை கிளெய்ம் செய்தது (அது என்னுடையதுதான் என்று பின்டெரெஸ்டில் உறுதிசெய்வது), 2:3 விகிதத்தில் 1000 x 1500 பிக்சல் படங்கள். தலைப்பில் 100 எழுத்து வரை போடலாம் என்றாலும் ஃபீடில் முழுதும் தெரியாது. அதனால் தேடப்படும் சொல்லை முதலிலேயே வைக்கிறேன். உங்களுக்கு எப்படி?

பதில்: பிரிண்டபிள் பிளானர் (அச்சிட்டு நிரப்பும் திட்டமிடல் பக்கங்கள்) விற்பவர்

இம்ப்ரெஷனை (பின் எத்தனை தடவை திரையில வந்துச்சுங்கிற எண்ணிக்கை) பார்த்து மட்டும் சந்தோஷப்படாதீங்க. அனலிடிக்ஸ்ல "பின் கிளிக்" வேற, "அவுட்பவுண்ட் கிளிக்" வேற. முதலாவது பின்னைப் பெரிசாக்கிப் பார்த்தது, ரெண்டாவதுதான் உங்க தளத்துக்கு வந்தது. என்கிட்ட ஒரே தலைப்புல ரெண்டு பின் இருக்கு. ஒண்ணுல பத்து குறிப்பையும் படத்துலயே எழுதியாச்சு; அதைச் சேமிச்சு வைக்கிறவங்க எண்ணிக்கை ஏறிக்கிட்டே போகுது, தளத்துக்கு வர்றவங்க சொற்பம். இன்னொண்ணுல நிரப்பின பிளானர் பக்கம் பாதி மட்டும் தெரியும். கிளிக் எல்லாம் அதுக்குத்தான். விஷயம் படத்துலயே முடிஞ்சிட்டா உள்ளே எதுக்கு வரணும்?

புத்தாண்டு பிளானரை டிசம்பர்ல போட்டா லேட். பின்டெரெஸ்ட் ட்ரெண்ட்ஸ்ல அந்தத் தேடல் எப்போ ஏற ஆரம்பிக்குதுன்னு பார்த்து, அதுக்கும் முன்னாடி போட்டுடுவேன்.

பதில்: வீட்டு அலங்காரப் பொருள் கடை

சொற்களைப் பற்றியே பேசுகிறோம். படமே தேடல் சொல்லாக மாறி நாளாகிவிட்டது. படத்தின் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்துத் தேடும் வசதியை பின்டெரெஸ்ட் 2015-லேயே கொண்டுவந்தது. 2017-இல் லென்ஸ் வந்தது, போன் கேமராவைக் காட்டியே தேடலாம். எங்களுக்கு இது நேரடியாகப் பயன்பட்டது. அறை முழுவதும் தெரியும் படங்களில், வடிவம் மறைபடாமல் பொருளை வைத்து எடுக்கிறோம். விளக்கின் பாதியைத் திரைச்சீலை மறைத்திருந்தால் அதை வைத்து யாரும் தேடி வர முடியாது. வெள்ளைப் பின்னணியில் தனியாக எடுத்த படங்களைவிட அறைக்குள் எடுத்தவைதான் எங்களுக்கு அதிகம் சேமிக்கப்படுகின்றன.

பதில்: கணக்கு மென்பொருள் விற்பவர்

மன்னிக்கவும், எங்களுக்கு ஒத்துவரவில்லை. மென்பொருளின் ஸ்கிரீன்ஷாட்டை யார் சேமித்து வைப்பார்கள்! இலவச இன்வாய்ஸ் டெம்ப்ளேட்டுக்கு மட்டும் ஆள் வந்தார்கள், எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கண்ணால் பார்த்து ஆசைப்படும் பொருளாக இல்லாவிட்டால் நேரத்தை வேறு எங்காவது செலவிடுங்கள்.

பதில்: ஓவியப் பிரிண்ட் விற்பவர்

என் படத்தை எடுத்து, இணைப்பை மட்டும் ஏதோ ஸ்பாம் தளத்துக்கு மாற்றி யாரோ பின் போட்டிருந்தார்கள். காப்புரிமைப் புகார்ப் படிவத்தை நிரப்பியதும் நீக்கப்பட்டது. இப்போது படத்தின் ஓரத்தில் தள முகவரியைச் சின்னதாகச் சேர்த்துவிடுகிறேன். தளத்தை கிளெய்ம் செய்வதில் இன்னொரு வசதி: உங்கள் பக்கத்திலிருந்து வேறு யார் பின் செய்தாலும் அதில் உங்கள் கணக்கின் பெயர் தெரியும்.

தொடங்கியவர்

மென்பொருள்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எல்லாருக்கும் இது செட் ஆகாது.

ஒன்று விட்டுப்போச்சு. பின் வருஷக்கணக்கில் சுற்றும், ஆனால் நாம் நடுவில் தளத்தின் யூஆர்எல்லை மாற்றிவிடுவோம். பழைய பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வருகிறவர்களைப் புதியதுக்குத் தானாக அனுப்பும் ஏற்பாடு) போடாமல் விட்டால் வருகிறவர்கள் எல்லாரும் "பக்கம் இல்லை" என்னும் 404-ல் முட்டுவார்கள். விற்றுத் தீர்ந்த பொருளின் பக்கத்தையும் அழிக்காதீர்கள், அதே மாதிரியான வேறு பொருளைக் காட்டுங்கள். சுருக்கிய இணைப்புகள் ஸ்பாம் என்று தடுக்கப்படலாம், முழு முகவரியையே கொடுங்கள். இணைப்பின் கடைசியில் யூடிஎம் (எங்கிருந்து வந்தார்கள் என்று காட்டும் குறியீடு) சேர்த்தால் எந்த பின் விற்பனை வரை கொண்டுபோனது என்பதும் தெரியும்.

வீடியோ பின் போட்டவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்களேன், அந்தப் பக்கம் நான் இன்னும் போகவே இல்லை.