தொட்டிக் கறிவேப்பிலைத் துளிர் மஞ்சளா வருது

திருநகர்: மொட்டை மாடியில 12 இன்ச் தொட்டி, போர் தண்ணி. புதுத் துளிர் மஞ்சளா வருது, நரம்பு மட்டும் பச்சை. சாணி எரு போட்டும் மாறலை. என்ன குறைங்க?

ஒத்தக்கடை: இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்புச் சத்து கலந்த போர் தண்ணி ஊத்தி ஊத்தி மண்ணு காரமாகிட்டா, இரும்பு இருந்தும் வேர் எடுக்காது. எருவால மட்டும் தீராது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) கரைச்சு சாயங்காலம் இலையில தெளிங்க, 15 நாள் கழிச்சு இன்னொரு தடவை. தெளிச்ச ஒரு வாரம் பறிக்காதீங்க. புளிச்ச மோர் ஊத்தலாம், அதை மட்டும் நம்பாதீங்க.

மேலூர்: 12 இன்ச் பத்தாதுண்ணே, 18க்கு மாத்துங்க. செம்மண் 2 பங்கு, மணல் 1, மக்கின எரு 1. சித்திரை வெயில்ல வேண்டாம், புரட்டாசியில மாத்துங்க. அடித்துளை அடைச்சிருக்கான்னும் பாருங்க. தண்ணி தேங்கினாலும் மஞ்சளாகும், ஆனா அப்ப அடி இலைதான் முதல்ல கொட்டும்.

திருநகர்: சரிண்ணே. இலையில பறவை எச்சம் மாதிரி ஒரு புழு வேற இருக்கு.

ஒத்தக்கடை: எலுமிச்சை வண்ணத்துப்பூச்சிப் புழு. கறிவேப்பிலையும் அந்தக் குடும்பம்தானே. கையால எடுத்துப் போடுங்க, சமையலுக்குப் பறிக்கிற செடிக்கு மருந்து எதுக்கு? பறிக்கிறப்ப ஈர்க்கை உருவாம நுனிக் கொத்தோட ஒடிங்க, பக்கக்கிளை வெடிக்கும்.