சென்னையிலிருந்து ஸ்பிரைட் மின்னல்: படம் வெளுத்துப்போகிறது

கேள்வி: கோவளம் கடற்கரையில் நின்று, வங்கக்கடல் மேல் தெரியும் இடிமேகங்களுக்கு வெகு மேலே கண நேரம் தோன்றி மறையும் செந்நிற ஒளியான ஸ்பிரைட்டைப் படம் எடுக்கப் பார்க்கிறேன். ஃபுல் ஃபிரேம் கேமரா, 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ். 15 விநாடி எக்ஸ்போஷர் வைத்தால் படமே வெளுத்துவிடுகிறது. எங்கே பிழை?

பதில் 1: ஷட்டர் திறந்திருக்கும் நேரம்தான் சார். ஸ்பிரைட் சில மில்லி விநாடிதான் இருக்கும்; மீதி நேரம் சேர்வதெல்லாம் ஊர் வெளிச்சம். 1 அல்லது 2 விநாடி, எஃப் 1.8, ஐ.எஸ்.ஓ. 3200 முதல் 6400, ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாத மூலப்படம்). ரிமோட்டில் பட்டனைப் பூட்டி, இடைவெளியில்லாமல் ஓடவிடுங்கள். லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனைக் கட்டாயம் அணையுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் புள்ளிகளைக் கழிக்க அதே அளவு நேரம் ஒரு இருட்டுப் படம் எடுக்கும்; பாதி நேரம் கேமரா எதையும் பதியாது. ஃபோகஸ் நட்சத்திரத்தில், கையால்.

பதில் 2: மேகத்தைக் குறிவைக்காதீர்கள். ஸ்பிரைட் தோன்றுவது 50–90 கி.மீ. உயரத்தில், இடிமேகம் 300 கி.மீ. தள்ளி இருந்தால் அடிவானத்துக்கு மேல் சுமார் 8 முதல் 15 டிகிரி. அடிவானம் ஃபிரேமின் கீழ் விளிம்பில் இருக்கட்டும். பக்கத்தில் வந்துவிட்ட மேகத்தால் பயனில்லை, அதுவே மறைத்துவிடும். ரேடாரில் பரந்து விரிந்து தேயத் தொடங்கிய மழைத்தொகுதியைத் தேடுங்கள். ஸ்பிரைட்டைக் கிளப்பும் வலுவான நேர்மின் மின்னல் (மேகத்தின் நேர்மின்னூட்டத்தைத் தரைக்கு இறக்கும் மின்னல்) அங்கேதான் அதிகம்.

பதில் 3: ஏசி அறையிலிருந்து எடுத்த லென்ஸில் நம்ம ஊர்ப் புழுக்கத்தில் உடனே ஆவி படியும். அரை மணி முன்பே பையோடு வெளியே வையுங்கள். உப்புத்துளியையும் அடிக்கடி துடையுங்கள்.